அக்கரையிலிருந்து ஒரு குரல்

சமையலறை அலமாரியில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ரேடியோவுக்கும் இடம் ஒதுக்கி வைத்திருக்கும் சகோதரிகள் நம்மில் இன்னும் அநேகம் பேர் உண்டு. டெலிவிஷன் வந்தது, கைப்பேசி வந்தது, இன்னும் என்னென்னவோ வந்தன. ஆனாலும் கைக்கு வேலையும் காதுக்குப் பாட்டுமாகப் பொழுதை ஓட்ட ரேடியோவை விட்டால் வேறு துணை ஏது? "கண்ணை அடுப்பில் வைத்துக்கொள், காதை மட்டும் என்னிடம் கொடு" என்று கேட்கிற மரியாதையான சாதனம் அது ஒன்றுதானே!

அந்தச் சகோதரிகளில் செங்கற்பட்டு, திருக்கழுக்குன்றம், கல்பாக்கம், மாமல்லபுரம், கோவளம் என்று கடலை ஒட்டியோ, கடலுக்குக் கிட்டத்திலோ குடித்தனம் செய்பவர்களுக்குக் கோடை காலத்தில் ஒரு விசித்திர அனுபவம் ஏற்படுவதுண்டு. விடியற்காலை, காப்பிக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கிறது. சென்னை எப்.எம். நிலையம் ஏதோ பாடிக்கொண்டிருக்கிறது. திடீரென்று பாட்டு அடங்குகிறது. முள்ளை யாரும் திருப்பவில்லை. பெட்டியை யாரும் தொடவில்லை. அதே இடத்தில் வேறொரு பெண் குரல் வணக்கம் சொல்கிறது. தமிழ்தான், நல்ல, திருத்தமான தமிழ். ஆனால் ரொட்டியைப் 'பாண்' என்கிறாள். ஆஸ்பத்திரியை 'வைத்தியசாலை' என்கிறாள். பேசுவதைக் 'கதைப்பது' என்கிறாள். கால் மணி நேரம் கழித்துச் சிங்களத்தில் ஒரு விளம்பரம் வருகிறது. சந்தேகமே இல்லை, பேசுவது இலங்கை!

"இதென்ன மாயம்? கடலுக்கு அப்பால் இருக்கிற நிலையம் என் வீட்டு அடுப்பங்கரைக்கு எப்படி வந்தது?" என்று கேட்கத் தோன்றும். மாயமும் இல்லை, பெட்டியில் கோளாறும் இல்லை. கோடை நாளின் ஆகாயம் செய்கிற வேலை அது. அதைப் பற்றித்தான் இந்த வாரம் சற்றுப் பேசலாம் என்று உத்தேசம்.

எட்டாத தூரம்

முதலில் ஒரு சின்னக் கணக்கு. கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். மளிகைக் கணக்கை விடச் சுலபமானதுதான்.

எப்.எம். ரேடியோவின் அலைகள் குட்டை அலைகள். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே ஏறக்குறைய 3 மீட்டர். ஆறு கஜப் புடவையை இரண்டாக மடித்தால் வரும் நீளத்தைக் காட்டிலும் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். அந்தக் காலத்து மீடியம் வேவ் அலைகளோ நூற்றுக்கணக்கான மீட்டர் நீளமுள்ளவை. அவை பூமியின் வளைவோடு வளைந்து போகும். ராத்திரி வேளையில் ஆகாயத்தின் உச்சியிலுள்ள மின் படலத்தில் மோதித் திரும்பி வெகு தூரத்தில் வந்து இறங்கும். எப்.எம். அலைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. விளக்கு வெளிச்சத்தைப் போல அது பெரும்பாலும் நேராகவே போகும். பூமி உருண்டையாயிற்றே! கொஞ்ச தூரம் போனதும் தரை கீழே வளைந்துவிடும். அலையோ நேரே ஆகாயத்தில் ஏறிப் போய்விடும். அதற்கு மேல் இருப்பவர்களுக்குப் பாட்டு இல்லை.

கோபுரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் கேட்கும். நம் கோடைக்கானல் எப்.எம். நிலையம் தென் ஜில்லாக்கள் பலவற்றில் கணீரென்று ஒலிப்பதன் ரகசியமும் இதுதான். மலையே அதற்குக் கோபுரம்.

இலங்கையில் வன்னிப் பகுதியில் கொக்காவில் என்று ஓர் ஊர். அங்கே 174 மீட்டர் உயரமுள்ள ஒலிபரப்புக் கோபுரம் ஒன்றை 2011 ஜூன் மாதத்தில் திறந்தார்கள். அந்த இடத்தில் முன்பு இருந்த நிலையம் 1990இல் யுத்தத்தில் அழிந்து போயிற்று. 174 மீட்டர் கோபுரத்து அலை, மாடி வீட்டு ரேடியோவுக்கு நேராக எட்டக்கூடிய தூரம் ஏறக்குறைய 70 கிலோ மீட்டர். ஆனால் கொக்காவிலிலிருந்து மாமல்லபுரம் 370 கிலோ மீட்டர் அளவில் இருக்கிறது. ஐந்து மடங்கு தூரம்! சரி, இலங்கையிலேயே உயரமான பீதுருதாலகால மலையின் உச்சியில், 2,524 மீட்டர் உயரத்தில் நிற்கும் கோபுரமாகவே இருக்கட்டும். கணக்குப்படி அது 200 கிலோ மீட்டருக்குச் சற்று மேலே எட்டும். அங்கிருந்து மாமல்லபுரமோ 600 கிலோ மீட்டருக்கும் அப்பால்.

இராமேசுவரத்துக்காரர்கள் இதைப் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். "எங்களுக்கு இதெல்லாம் ஒரு அதிசயமா? இலங்கை ரேடியோ தினமும்தான் கேட்கிறது!" என்பார்கள். உண்மை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே 30 கிலோ மீட்டர்தான். கோடியக்கரையிலிருந்து காங்கேசன்துறை 60 கிலோ மீட்டருக்குள். அவர்களுக்கு இலங்கை அடுத்த வீடு. சுவரைத் தாண்டிப் பேச்சுக் கேட்பது சகஜம். நம் செங்கற்பட்டுக் கரைக்கு அது அடுத்த வீடு அல்ல, அடுத்த ஊரும் அல்ல. அதனால்தான் நமக்கு ஆச்சரியம்.

ஏடு படிந்த ஆகாயம்

எட்டாத தூரத்தை எட்ட வைப்பது எது? பாலைக் காய்ச்சி இறக்கி, அசைக்காமல் ஓரமாக வையுங்கள். சற்று நேரத்தில் மேலே ஏடு படிகிறது அல்லவா? ஆகாயத்திலும் அப்படித்தான்.

வழக்கமாகத் தரையோரத்துக் காற்று வெப்பமாக இருக்கும். மேலே போகப் போகக் குளிரும். சித்திரை, வைகாசியில் நம் கடலோரத்தில் இந்த ஒழுங்கு தலைகீழாகிவிடுகிறது. மேற்கே வெந்து கிடக்கும் நிலத்திலிருந்து வறண்ட அனல் காற்று கடலை நோக்கி நகர்கிறது. கடலின் மேலோ குளிர்ந்த, ஈரம் நிறைந்த காற்று. குளிர்ந்த காற்று கனமானது. அது கீழே தங்கிவிட, அனல் காற்று அதன் மேலே போர்வை மாதிரி பரவுகிறது. பிற்பகலில் கடற்காற்று வீசத் தொடங்கினதும், "அப்பாடா!" என்று நாம் வாசல் திண்ணைக்கு வருகிறோமே, அப்போதும் இதே காரியம்தான் நடக்கிறது. குளிர்ந்த கடற்காற்று, சூடான நிலக்காற்றின் அடியில் நுழைந்து வருகிறது. கீழே ஈரமும் குளிர்ச்சியும், மேலே வறட்சியும் வெப்பமும். பாலின் மேல் ஏடு படிந்துவிட்டது.

வெயிலில் தார் ரோட்டின் மேல் தண்ணீர் பளபளப்பது போலத் தோன்றுகிறதே, கானல் நீர், அதைப் பார்த்திருப்பீர்கள். சூடான காற்றும் சற்றுக் குளிர்ந்த காற்றும் அடுக்கடுக்காக இருக்கும்போது ஒளி வளைந்து போவதால் உண்டாகும் தோற்றம் அது. அங்கே சூடு கீழே. ஒளி மேல் நோக்கி வளைகிறது. கடலின் மேல் சூடு மேலே. ரேடியோ அலை கீழ் நோக்கி வளைகிறது. ஆகாயத்தில் ஏறித் தொலைந்து போக வேண்டிய அலை ஏட்டில் பட்டுக் கீழே திரும்புகிறது, கடலின் மேல் பட்டு மறுபடி ஏறுகிறது, மறுபடி திரும்புகிறது. இப்படி, குழாய்க்குள் ஓடும் தண்ணீர் மாதிரி, சில நூறு மீட்டர் உயரத்துக்குள்ளேயே அடைபட்டு, சிந்தாமல் சிதறாமல் நூற்றுக்கணக்கான கிலோ மீட்டர் பிரயாணம் செய்து நம் கரைக்கு வந்து சேருகிறது.

இந்தக் குழாய் கடலின் மேலே நன்றாக அமையும். மேடு பள்ளமும் காடு மலையும் குறுக்கிட்டால் உடைந்து போகும். இந்த விஷயத்தில் மாமல்லபுரத்துக்கு ஓர் அதிர்ஷ்டம். பூகோளப் படத்தை எடுத்துப் பாருங்கள். மாமல்லபுரமும் யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறையும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில், ஒன்றுக்கு நேர் கீழே மற்றொன்றாக இருக்கின்றன. நடுவே 310 கிலோ மீட்டர். புதுச்சேரி, கடலூர், நாகப்பட்டினம் எல்லாம் மேற்கே ஒதுங்கி நின்று வழி விடுகின்றன. புறப்பட்ட இடத்திலிருந்து வந்து சேரும் இடம் வரை ஒரே கடல். அலைக்கு இதை விட நல்ல ராஜபாட்டை ஏது?

இதையெல்லாம் ஏதோ ரேடியோப் பைத்தியங்களின் கற்பனை என்று எண்ணிவிட வேண்டாம். இரண்டாவது உலக மகா யுத்தத்தின்போது பம்பாய்க் கரையில் ரேடார் கருவி ஒன்றை நிறுத்தியிருந்தார்கள், எதிரிக் கப்பல் வருகிறதா என்று பார்க்க. கோடை காலத்தில் ஒரு நாள் அதன் திரையில் என்ன தெரிந்தது தெரியுமா? ஆயிரம் மைலுக்கும் அப்பாலுள்ள அரேபியாவின் கரை! பார்த்தவர்கள் திகைத்துப் போனார்கள். மழைக்காலம் பிறந்ததும் அந்தக் காட்சி மறைந்துவிட்டது. அரபிக் கடலின் மேல் அன்று படிந்திருந்ததும் இதே ஏடுதான்.

கரண்டியை விட்டுக் கலக்கினால் பாலேடு என்ன ஆகும்? கலைந்து போகும். பலமாகக் காற்று அடித்தாலோ மழை பிடித்துக்கொண்டாலோ ஆகாயத்து ஏடும் அப்படியே கலைந்துவிடும். அக்கரைக் குரலும் சொல்லாமல் கொள்ளாமல் புறப்பட்டுப் போய்விடும்.

உள்ளூர்க்காரர் எங்கே போனார்?

"வந்தது வரட்டும். சென்னை நிலையம் ஏன் காணாமல் போக வேண்டும்?" என்று ஒரு கேள்வி எழும். நியாயமான கேள்வி.

எப்.எம். ஒலிபரப்புக்கு உலகத்தில் பெரும்பாலான நாடுகள் ஒதுக்கியிருக்கும் இடம் ஒன்றேதான்: 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை. இந்தியாவும் அதில்தான், இலங்கையும் அதில்தான். முந்நூறு கிலோ மீட்டர் தள்ளி இருக்கிறவர் நம் எண்ணையே உபயோகித்தால் சாதாரண நாளில் யாருக்கும் தொந்தரவு இல்லை. குழாய் அமைந்த நாளில்தான் வம்பு.

பழைய மீடியம் வேவில் இரண்டு நிலையங்கள் ஒரே எண்ணில் மோதினால் இரண்டும் சேர்ந்து காதைக் குடையும். எப்.எம். பெட்டியின் குணம் வேறு. இரண்டில் எது ஓங்கி ஒலிக்கிறதோ அதை மட்டும் பிடித்துக்கொண்டு, மற்றதை அடியோடு அமுக்கிவிடும். அதனால்தான் கரகரப்புக் கூட இல்லாமல், ஒருவர் எழுந்து போய் மற்றவர் வந்து உட்கார்ந்த மாதிரி நிலையம் மாறுகிறது. இலங்கையில் 1998இல் தொடங்கிய தனியார் தமிழ் நிலையம் ஒன்றுக்குச் சூரியன் என்று பெயர். சென்னையிலும் சூரியன் என்றே ஒரு தனியார் நிலையம். எந்தச் சூரியன் உதித்தது என்று தெரியாமல் திண்டாட இதை விட வேறு என்ன வேண்டும்?

பழைய உறவு

இலங்கைக் குரல் நம் வீடுகளுக்குப் புதிது அல்லவே! உங்கள் தாயாரைக் கேளுங்கள். பாட்டி இருந்தால் இன்னும் விசேஷம். "சிலோன் ரேடியோ" என்ற வார்த்தையைக் கேட்டதும் அவர்கள் முகத்தில் ஒரு மலர்ச்சி வரும்.

கொழும்பில் ஒலிபரப்பு 1925 டிசம்பரிலேயே தொடங்கிவிட்டது. வர்த்தக ஒலிபரப்பு 1950 செப்டம்பரில் ஆரம்பமாயிற்று. அதற்கு இரண்டு வருஷம் கழித்து டாக்டர் பி. வி. கேஸ்கர் இந்தியாவில் செய்தி ஒலிபரப்பு மந்திரியானார். சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கும் என்று அவருக்கு அபிப்பிராயம். ஆகாசவாணி அதை ஒதுக்கி வைத்தது. பாட்டு வேண்டியவர்கள் என்ன செய்தார்கள்? முள்ளைக் கொழும்புக்குத் திருப்பினார்கள். வடக்கே அமீன் சயானியின் குரல், இங்கே எஸ். பி. மயில்வாகனத்தின் குரல். பிறகு ராஜேஸ்வரி சண்முகம், பி. எச். அப்துல் ஹமீத் என்று எத்தனை பேர்! 'பொங்கும் பூம்புனல்' கேட்டுக்கொண்டே வாசல் தெளித்தவர்கள், 'இசையும் கதையும்' கேட்டுக் கண்ணீர் விட்டவர்கள், 'பாட்டுக்குப் பாட்டு' வந்துவிட்டால் வந்த விருந்தாளியையும் மறந்தவர்கள் நம் ஜில்லாக்களில் ஆயிரம் ஆயிரம் பேர். 1957 அக்டோபரில் ஆகாசவாணி விவித பாரதியைத் தொடங்கிய பிறகும் அந்தப் பிரியம் போய்விடவில்லை.

அது மீடியம் வேவ், ஷார்ட் வேவ் காலம். நம் நாட்டின் முதல் எப்.எம். ஒலிபரப்பு 1977 ஜூலை 23ஆம் தேதி நம் சென்னையில்தான் ஆரம்பமாயிற்று என்பதில் நமக்குக் கொஞ்சம் பெருமைப்பட இடமுண்டு. பிறகு 1982இல் இலங்கையில் ரூபவாகினி டெலிவிஷன் வந்தது. தென் கடலோர ஊர்களில் மூங்கில் கம்பத்தின் உச்சியில் ஆன்டெனாவைக் கட்டி, கிழக்கும் தெற்குமாகத் திருப்பித் திருப்பி, "தெரிகிறதா? இப்போ தெரிகிறதா?" என்று மாடியிலிருந்து கூவினார்களே, அது எத்தனை வீட்டு நினைவு!

கடிகாரத்தைப் பற்றியும் ஒரு வேடிக்கை உண்டு. ரேடியோவில் மணி சொன்னதும் சுவர்க் கடிகாரத்தைச் சரி செய்வது நம் வீட்டுப் பழக்கம். 1996 மே முதல் 2006 ஏப்ரல் வரை இலங்கை தன் கடிகாரத்தை நம்முடையதை விட முன்னால் ஓட விட்டிருந்தது. முதலில் ஒரு மணி நேரம், சில மாதங்களில் அரை மணி நேரம். அந்தப் பத்து வருஷத்தில் அக்கரை அறிவிப்பாளரை நம்பிக் கடிகாரத்தைத் திருப்பிய வீட்டில் பிள்ளைகள் அரை மணி முன்னதாகவே பள்ளிக்கூட வாசலில் போய் நின்றிருப்பார்கள்! இப்போது இரண்டு நாட்டுக்கும் ஒரே மணி. அந்தத் தொல்லை இல்லை.

இன்னொரு வித்தியாசம் கவனிக்கத்தக்கது. நம் நாட்டுத் தனியார் எப்.எம். நிலையங்கள் சொந்தமாகச் செய்தி சேகரித்துச் சொல்ல அனுமதி இல்லை. ஆகாசவாணிச் செய்தியை அப்படியே அஞ்சல் செய்யலாம், அவ்வளவுதான். இலங்கைத் தனியார் நிலையங்களோ மணிக்கு மணி செய்தி சொல்லும். யுத்தம் நடந்த வருஷங்களில் அந்தச் செய்தி இக்கரையில் சிலருக்கு எவ்வளவு பெரிய காரியம் என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

ஊர்ப் பெயர் கேட்ட அம்மாள்

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு, சில தடவைகளாக, மூன்று லட்சம் பேர் அளவில் இலங்கைத் தமிழர்கள் படகிலும் கப்பலிலும் இங்கே வந்து சேர்ந்தார்கள். மண்டபம் தொடங்கி எத்தனையோ ஊர்களில் அவர்களுக்கு முகாம்கள் அமைந்தன. அந்த முகாம்களை மறுவாழ்வு முகாம்கள் என்று அழைக்க வேண்டும் என 2021இல் தமிழக அரசு அறிவித்தது. யுத்தம் 2009 மே மாதம் முடிந்தும், திரும்பிப் போகாமல், போக முடியாமல் இங்கேயே தங்கிவிட்டவர்கள் பல்லாயிரம் பேர். நம் செங்கற்பட்டுப் பக்கத்திலும் அவர்கள் நம்மோடு கடைக்கு வருகிறார்கள், பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறார்கள்.

அப்படி ஓர் அம்மாளை எனக்குத் தெரியும். வடமராட்சிப் பக்கத்துக்காரர். 1990இல் கைக்குழந்தையோடு படகேறி வந்தவர். முகாமில் இருந்த காலத்தில் ரேடியோவில் தாம் தவறாமல் கேட்டது பாட்டு அல்ல என்று அவர் சொன்னார். இலங்கை வானொலியில் மரண அறிவித்தல் என்று ஒரு பகுதி உண்டு. நம்மில் பழைய நேயர்களுக்கு நினைவிருக்கும். இன்ன ஊரைப் பிறப்பிடமாகக் கொண்டவர், இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாயார், இன்ன இடத்தில் தகனம் என்று நிதானமாக வாசிப்பார்கள். நாம் அதைக் கேட்டதும் முள்ளைத் திருப்பிவிடுவோம். காலை வேளையில் எதற்கு என்று. அவரோ அதற்காகவே காத்திருப்பாராம்.

"கடிதம் வராது, போன் இல்லை. ஊரிலே ஆர் இருக்கினம், ஆர் இல்லை எண்டு அதிலேதான் பிள்ளை தெரியும். எங்கட ஊர்ப் பேர் வராவிட்டால் அண்டைக்கு நிம்மதி" என்றார்.

இப்போது அவருக்கு வயதாகிவிட்டது. மகள் வீட்டில் இருக்கிறார். பேத்தியின் கைப்பேசியில் ஒரு கோடை நாள் காலையில் இலங்கை எப்.எம். ஒன்று தானாக வந்து விழுந்தது. பிறந்தநாள் வாழ்த்து நேரம். பருத்தித்துறையிலிருந்து ஒரு அப்பப்பாவும் அப்பம்மாவும் தங்கள் பேரனுக்கு வாழ்த்துச் சொல்லியிருந்தார்கள். அறிவிப்பாளர் ஊர்ப் பெயரை வாசித்ததும் அம்மாள் எழுந்து உட்கார்ந்துவிட்டாராம். அந்தக் குடும்பம் யார் என்றே அவருக்குத் தெரியாது. தெரிந்தது ஊரின் பெயர் மட்டும். இத்தனை வருஷமாக அந்தப் பெயர் வந்துவிடக் கூடாதே என்று காது கொடுத்துக்கொண்டிருந்தவர், முதல் தடவையாக அது ஒரு பிறந்தநாளோடு வரக் கேட்டார்.

"நாளைக்கும் வருமோ?" என்று என்னிடம் கேட்டார்.

ஏடு, குழாய், கடற்காற்று எல்லாம் விளக்கிச் சொன்னேன். மழை வந்தால் போய்விடும் என்றேன். "அப்ப மழை வரு மட்டும் கேப்பம்" என்று சொல்லிவிட்டுப் பேத்தியைப் பார்த்தார். இன்றைக்கு இலங்கை நிலையங்கள் பல இன்டர்நெட் மூலமாகவும் கேட்கக் கிடைக்கின்றன. பேத்தி அதையும் வைத்துக் கொடுத்திருக்கிறாள். ஆனாலும் காற்றில் தானாக வருவதை அந்த அம்மாள் தனி மரியாதையோடுதான் கேட்கிறார். கூப்பிட்டு வருவது வேறு, தேடி வருவது வேறு அல்லவா?

ஏழாம் நூற்றாண்டில் இலங்கை இளவரசன் மானவர்மன் நாட்டை இழந்து வந்து, காஞ்சியில் மாமல்லன் நரசிம்மவர்மனிடம் அடைக்கலம் புகுந்தான். பல்லவன் அவனுக்குக் கப்பலும் படையும் கொடுத்து அனுப்பினான் என்று இலங்கையின் பழைய சரித்திர நூல் சொல்கிறது. அந்த மாமல்லன் பெயரைத் தாங்கிய ஊரின் கரையில் உட்கார்ந்துதான் நாம் இன்று அக்கரைக் குரலைக் கேட்கிறோம். வந்தவர்களுக்கு இடம் கொடுத்த கரை இது.

ஒரு முக்கியமான எச்சரிக்கை

இனி, மீனவர் குப்பத்துச் சகோதரிகள் அவசியம் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம். அக்கரை நிலையம் பாட்டு மட்டும் வைப்பதில்லை; காலநிலை அறிக்கையும் வாசிக்கும். கடல் கொந்தளிப்பு, காற்றின் வேகம் எல்லாம் நம் மொழியிலேயே, தெளிவாகச் சொல்லும். காங்கேசன்துறை, மன்னார், திருகோணமலை என்ற பெயர்கள் காதில் விழுந்தால் அது அவர்கள் கடலுக்குச் சொன்ன வார்த்தை என்று தெரிந்துகொள்ளுங்கள். "கடல் அமைதியாக இருக்கும்" என்று பாதியில் கேட்டுவிட்டு வீட்டுக்காரரை வள்ளம் தள்ள விட்டுவிடாதீர்கள். நம் கரைக்குச் சொல்ல வேண்டியவர்கள் சென்னை வானிலை ஆய்வு மையத்தார். ஆகாசவாணியும் மீன்வளத் துறையும் தரும் எச்சரிக்கைதான் நமக்குக் கணக்கு.

நிலையம் மாறியிருப்பதே தெரியாமல் இருப்பதில்தான் ஆபத்து. சென்னை என்று நினைத்துக்கொண்டு கொழும்பைக் கேட்டுக்கொண்டிருப்போம். ஆகையால் செய்தி, வானிலை என்றால் நிலையத்தின் பெயரைச் சொல்லும் வரை காத்திருந்து கேளுங்கள். ஒரு சமாதானம் உண்டு: புயல் நெருங்கினால் காற்றும் மழையும் ஆகாயத்து ஏட்டைக் கலைத்துவிடும், அக்கரை விருந்தாளி பெரும்பாலும் தாமாகவே விடை பெற்றுக்கொள்வார், உள்ளூர்க்காரர் திரும்பி வந்துவிடுவார். ஆனால் அதை நம்பிச் சும்மா இருப்பது புத்திசாலித்தனம் ஆகாது.

நீங்களும் கேட்க வேண்டுமா?

மாசி பிற்பாதி தொடங்கி வைகாசி வரை நல்ல காலம். காற்று அசையாத, மழை மேகமில்லாத நாளாகப் பாருங்கள். விடியற்காலை, அல்லது அந்தி சாய்ந்து ராத்திரி வரை உகந்த வேளை. கைப்பேசியில் கேட்பவர்கள் பெரும்பாலும் காதில் மாட்டும் கம்பி இல்லாமல் கேட்க முடியாது. அந்தக் கம்பிதான் அதற்கு ஏரியல். ரேடியோப் பெட்டியானால் கம்பியை முழுக்க இழுத்து, மாடியில் கடல் பார்த்த பக்கமாகவோ தெற்குப் பக்கமாகவோ வைத்துக்கொண்டு, முள்ளை மெல்ல நகர்த்துங்கள். சென்னை நிலையங்களுக்கு நடுவே உள்ள காலி இடங்களில்தான் விருந்தாளி சுலபமாக அகப்படுவார். இன்றைக்குக் கிடைத்தவர் நாளைக்குக் கிடைக்காவிட்டால் பெட்டியைத் தட்டாதீர்கள். பெட்டி என்ன செய்யும்?

பொழுதுபோக்கு என்று மட்டும் இல்லாமல் இதையே ஒரு கலையாகப் பயிலுகிறவர்களும் உண்டு. எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த எண், என்ன நிகழ்ச்சி என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்து, அந்த நிலையத்துக்கே எழுதிப் போடுவார்கள். "ஆம், நீங்கள் கேட்டது எங்களைத்தான்" என்று அழகான அட்டை ஒன்று பதிலுக்கு வரும். தபால் தலை சேர்ப்பது போல அந்த அட்டைகளைச் சேர்ப்பார்கள். சென்னையில் ஆர்டிக் டி.எக்ஸ். கிளப் என்ற நேயர் சங்கத்தார் இதற்காக 'சர்வதேச வானொலி' என்று தமிழிலேயே ஒரு பத்திரிகை நடத்தினார்கள். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்துப் பாருங்கள். பூகோளமும் விஞ்ஞானமும் ஒரே சமயத்தில் படித்த மாதிரி ஆயிற்று; வெயிலில் அலையாமல் இருக்கவும் ஒரு வழி ஆயிற்று!

கடைசியாக ஒரு வேண்டுகோள். அக்கரைக் குரல் உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டால் நீங்கள் மட்டும் கேட்டு ரசித்துவிட்டு இருந்துவிடாதீர்கள். உங்கள் தெருவிலோ, பக்கத்துத் தெருவிலோ யாழ்ப்பாணமோ மன்னாரோ திருகோணமலையோ சொந்த ஊராக உள்ள ஓர் அம்மாள் இருக்கக்கூடும். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு, "அம்மா, உங்கள் ஊர் பேசுகிறது, வந்து கேளுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லிக் கூப்பிடுங்கள். ஏடு கலைவதற்குள் கூப்பிட்டுவிடுங்கள். கையோடு ஒரு டம்ளர் காப்பியும் கொடுத்தால் இன்னும் விசேஷம்.